ஆறாம் மாதத்துக் கிண்ணத்தில் எது: பேபி சீரியலா, கேழ்வரகுக் கூழா, அங்கன்வாடி சத்துமாவா?

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு எதை ஊட்டத் தொடங்குவது என்று கேட்டால், சென்னை வீடுகளில் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும்: மருந்துக்கடையில் வாங்கும் பேபி சீரியல், பாட்டி காய்ச்சும் கேழ்வரகுக் கூழ், அங்கன்வாடியில் இலவசமாகத் தரும் சத்துமாவு. விலையையும் வசதியையும் விட இரும்புச்சத்தை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. கருவிலிருக்கும்போது குழந்தை சேர்த்துவைத்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலிலும் அது சொற்பமே. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது.

இந்த அளவுகோலில் பேபி சீரியல் முந்துகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை; அதில் இரும்பைத் தனியே சேர்க்கிறார்கள். ஆனால் பல வகைகளில் சர்க்கரையும் சேர்கிறது. சர்க்கரை மிகுந்த உணவு 23 மாதம் வரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. வாங்குவதானால் அட்டையின் பின்புறத்தைப் படித்து, சர்க்கரை சேர்க்காததை வாங்குங்கள்.

கேழ்வரகின் பெருமை சுண்ணாம்புச்சத்து: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அதிலுள்ள இரும்பை ஃபைட்டேட் என்ற பொருள் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. முளைகட்டினால் அந்தத் தடை தளர்கிறது. இரவு முழுவதும் ஊறிய கேழ்வரகை ஈரத்துணியில் முடிந்துவைத்தால், நம் ஊர் வெக்கையில் ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து, மாவு மில்லில் அரைத்துக்கொள்ளலாம்; கார்த்திகை மழையில் அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அப்போது தவிர்ப்பது நல்லது. முளைகட்டிய மாவில் உள்ள நொதி கூழை இளக்குவதால், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு கொள்ளும். சின்ன வயிற்றுக்கு இது பெரிய லாபம். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராய் வழியும் கூழ் வயிற்றை நிரப்புமே தவிர, எடையைக் கூட்டாது.

அங்கன்வாடி சத்துமாவைப் பல நடுத்தரக் குடும்பங்கள் இலவசப் பொருள் என்பதாலேயே ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு ஆகியவற்றோடு வைட்டமின்களும் சேர்ந்த கலவை அது. வெல்லம் கலந்திருப்பதுதான் குறை. அதனால் நாளுக்கு ஒருவேளையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைகளில் இருபது தானியமும் பருப்பும் கலந்து விற்கும் சத்துமாவைத் தொடக்கத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

என் தேர்வு, முளைகட்டிய கேழ்வரகும் குழைந்த பருப்புச் சாதமும். ஆனால் அவை மட்டும் இரும்புத் தேவையை ஈடுகட்டா. அசைவம் உண்ணும் வீடானால் முட்டையும், வாரம் ஒருமுறை நன்கு வெந்து மசித்த கோழி ஈரலில் ஒரு ஸ்பூனும் சேர வேண்டும். சைவ வீடானால் பருப்பிலுள்ள இரும்பு உடலில் சேர உதவும்படி, அதில் சில துளி எலுமிச்சைச் சாறு பிழியலாம். எந்த வீடானாலும், வாரம் இருமுறை 1 மில்லி வீதம் அரசு இலவசமாகத் தரும் இரும்புச் சிரப்பைப் பற்றி அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.