கெண்டைக்கால் தசையைப் பார்க்க: ஈ.எம்.ஜி.யா, அல்ட்ராசவுண்டா?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை என்ன செய்கிறது என்பதுதான் என் முதுநிலை பிசியோதெரபி ஆய்வு. தசையின் மின் சிக்னலைத் தோல்மேலிருந்து பதியும் ஈ.எம்.ஜி.யில் தொடங்கி, பாதியில் அல்ட்ராசவுண்டுக்குத் தாவியவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

ஈ.எம்.ஜி.யில் வேலை சுளுவு. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, எலெக்ட்ரோடை ஒட்டினால் போதும். நொடிக்கு 1000, 2000 முறை பதிவு செய்யும். பக்கத்துத் தசையின் சிக்னலும் கலந்து வரும், வியர்த்தால் ஒட்டு கழலும். சரி, சமாளித்துக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு. தசை சுருங்கியதா, நீண்டதா, நீளம் மாறாமலே இழுத்துப் பிடித்ததா என்று ஈ.எம்.ஜி. சொல்லாது, மூன்றிலும் சிக்னல் வரும். கணுக்கால் கோணத்தை வைத்து நீளத்தைக் கணக்கிடலாமே என்றுதான் நானும் நினைத்தேன். அது தவறு என்று காட்டியது அல்ட்ராசவுண்ட். அதன் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே தசைக் கற்றைகள் தென்னங்கீற்றுபோலச் சாய்ந்து கிடக்கும். பாதம் ஊன்றியிருக்க, உடல் முன்னே நகர்கிறது, கணுக்கால் மடங்குகிறது. கற்றைகளோ பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன! நீள்வது குதிகால் தசைநாண்தான். காலை உந்தும்போது ரப்பர்போலச் சுருங்கித் திரும்புவதும் அதுவே. ஜப்பானின் ஃபுகுனாகா குழு 2001இல் இதை எழுதிவிட்டது. ஆனாலும் நம் கண்ணால் பார்ப்பது தனி.

இதற்கான பாடும் உண்டு. காலில் கட்டும் ப்ரோப் (அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்பி வாங்கும் பகுதி) கொஞ்சம் சாய்ந்தாலும் கற்றைகள் படத்தின் தளத்தை விட்டு விலகி, நீளம் பொய்யாகும். இறுக்கிக் கட்டினால் தசையே நசுங்குகிறது. நொடிக்கு 80 படம் என்றால் 10 நொடி நடைக்கு 800 படம். மென்பொருள் கற்றையைத் தொடர்ந்து போகும். போகப்போகத் தடம் மாறும். உட்கார்ந்து திருத்த வேண்டியது நாம்தான். அப்புறம், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம். வயிற்றுப் பக்கமே போகாத கருவிக்கும் பதிவு வேண்டும். நினைத்த இடத்துக்குத் தூக்கிப் போக முடியாது.

நான் பார்த்தது நடை மட்டுமே. வேகமாக ஓடுபவரிடம் 80 படம் போதுமா என்பதை நான் சோதித்ததில்லை. தசை எந்த நொடியில் வேலையைத் தொடங்குகிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஈ.எம்.ஜி.யே போதும். கடைசியில் நானும் இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். ப்ரோப்பின் ஜெல் வழிந்து எலெக்ட்ரோடுக்கு அடியில் போய், ஐந்தாவது நிமிடமே சிக்னல் போயிற்று.