நாய்க்கு லேசான மர்மர்: உடனே எக்கோவா, வீட்டில் கவனிப்பா?

தடுப்பூசிக்குப் போன இடத்தில், எங்கள் 9 வயது பொமரேனியனுக்கு இதயத்தில் மர்மர் (துடிப்போடு சேர்ந்து வரும் கூடுதல் இரைச்சல்) கேட்பதாக டாக்டர் சொன்னார். 6 கிரேடில் 2-தான். இருந்தும் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

செலவு
எக்கோ (இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்): சில ஆயிரம் ஆகலாம்.
வீட்டில்: கடிகாரம் போதும்.

சிரமம்
எக்கோ: ஒரு நாள் அலைச்சல். பெரும்பாலும் மயக்க ஊசி வேண்டாம்.
வீட்டில்: நாய் அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

தெரியவருவது
எக்கோ: இதயம் பெரிதாகிவிட்டதா என்பது. ஸ்டெதாஸ்கோப்பால் இதை உறுதிசெய்ய முடியாது. வால்வு தேய்ந்து இதயம் பெரிதான நாய்களுக்கு பிமோபெண்டான் என்ற மருந்தைக் கொடுத்தபோது, இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரிதாகாவிட்டால் மருந்தே தேவையில்லை.
வீட்டில்: நுரையீரலில் நீர் கோப்பது மட்டும் சீக்கிரம் தெரியும்.

குட்டிகளுக்கு வரும் மெல்லிய மர்மர் 6 மாதத்துக்குள் தானாக மறைவதுண்டு. டாக்டர் சம்மதித்தால் காத்திருக்கலாம். டாபர்மேன் போன்ற பெரிய இனத்துக்கு உடனே எக்கோ. வயதான சின்ன நாய்க்கு ஒருமுறை எக்கோ, பிறகு தினமும் மூச்சு எண்ணிக்கை. நாங்கள் செய்வது இதைத்தான்.