4,800 ரூபாய் போன் திருட்டு: சிறையா, சமூக சேவையா, நேருக்கு நேர் பேச்சா?

ஒரு 19 வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையப் பூக்கடையில் சார்ஜ் போட்டிருந்த 4,800 ரூபாய் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடி, மாட்டிக்கொண்டான். இதுவே முதல் தடவை. அவனை என்ன செய்யலாம்?

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தண்டனைகள் ஆறு வகை: மரண தண்டனை, ஆயுள், சிறை (கடுங்காவல் அல்லது சாதாரணம்), சொத்துப் பறிமுதல், அபராதம், சமூக சேவை. கடைசி ஒன்றுதான் புதுவரவு. ஆயுள் என்றால் 14 வருஷம் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். சட்டப்படி அது உயிர் உள்ளவரை. அது நம் பையனின் கதை இல்லை, விடுங்கள்.

திருட்டுக்கு உச்சபட்சம் மூன்று வருஷச் சிறை. பையன் உள்ளே போனால் பூக்கார அம்மாவுக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. வெளியே வருபவனுக்கு வேலை கொடுப்பவரும் குறைவு. அபராதம் இதைவிடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் போவது அரசு கஜானாவுக்கு. அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடு என்று நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால்தான் அம்மா கைக்கு வரும். கட்ட வழியில்லாதவனுக்கோ அபராதமே சிறையாக மாறிவிடும்: உச்சபட்சச் சிறையில் கால் பங்கு, அதாவது திருட்டுக்கு ஒன்பது மாதம்வரை.

இனி புதுவரவு. திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் சமூக சேவைதான் தண்டனை. கேட்க நன்றாகவே இருக்கிறது. கூலியில்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலை என்று விளக்கம் சொல்லும் சட்டம், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று சொல்லவில்லை. போனை விற்றுச் சாப்பிட்டுவிட்டு, ஈடு கட்டவும் வழியில்லாதவனுக்கு இந்தக் கதவே திறக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், இவ்வகைத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. இன்னும் பிடிபடாத திருடன் விஷயத்தில், இது அவனுக்கு முதல் தடவையா என்று போலீசுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்த 4,800 ரூபாய் பல நாள் வருமானம். ஸ்டேஷனுக்குப் போனால், வழக்குப் பதியாமல் புகார் வாங்கியதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வர வேண்டியதாகலாம்.

ராஜியாகப் போவது இன்னொரு வழி. திருட்டு வழக்கில் பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளலாம். சீக்கிரம் முடியும். ஆனால் அலைய முடியாமல் தலையாட்டுவதும் மனம் ஒப்பி மன்னிப்பதும் ஒன்றல்ல.

சீரமைப்பு நீதி, அதாவது குற்றம் செய்தவனும் பாதிக்கப்பட்டவரும் நேருக்கு நேர் பேசி நஷ்டத்தைச் சரிசெய்யும் முறை, இதிலிருந்து வேறுபட்டது. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். தண்டனைக்கு முன், அவர்கள் வீடு வீடாகப் போய் உரியவர்களைச் சந்திக்கட்டுமே என்று நன்னடத்தை அலுவலர் (ப்ரொபேஷன் ஆபீசர்) மார்க் யான்ட்ஸி யோசனை சொன்னார். நீதிபதி ஒத்துக்கொண்டார். கதவைத் தட்டி, 'நாங்கள்தான் செய்தோம்' என்று சொல்லி, நஷ்டத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, சில மாதங்களில் அடைத்தார்கள். அந்தக் கதவைத் தட்டுவது ஒரு வாரம் உள்ளே இருப்பதைவிடச் சுலபம் என்று எனக்குத் தோன்றவில்லை. நியூசிலாந்து 1989இல், சிறார் வழக்குகளில் குடும்பத்தாரையும் பாதிக்கப்பட்டவரையும் உட்காரவைத்துப் பேசும் முறையைச் சட்டமாகவே ஆக்கியது.

'இது நம்மூர் கட்டப்பஞ்சாயத்துதானே?' என்று கேட்பீர்கள். நியாயமான பயம். சீரமைப்பு நீதியில் குற்றம் செய்தவன் முதலில் குற்றத்தை ஒத்துக்கொண்டாக வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பிடிக்காவிட்டால் எழுந்து நீதிமன்றத்துக்குப் போகலாம். இவை இல்லாத இடத்தில் அது பஞ்சாயத்தேதான். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. அதே ஆண்டு ஜூலையில், இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கண்டிப்பாகச் சொல்ல, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பலசாலியும் பலவீனரும் எதிரெதிரே உட்காரும் வழக்குகளுக்கு, சாதி வன்முறை உட்பட, இந்த வழி வேண்டாம் என்பதே என் கட்சி.

போன் திருட்டுக்கு என்னைக் கேட்டால், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தைத்தான் எடுப்பேன். 21 வயதுக்குக் கீழ் உள்ளவனைச் சிறைக்கு அனுப்ப நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும், பிணைப்பத்திரத்தில் விடலாம், இழப்பீடும் கட்டச் சொல்லலாம், தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பும் ஒட்டாது. அதில் இல்லாதது ஒன்றே: 'போனில் இருந்த என் பேத்தி படத்தை என்னடா செய்தாய்?' என்று அந்த அம்மா கேட்க ஓர் இடம். முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. அந்த அறிக்கைக்காக அலுவலர் பையன் வீட்டுக்கு மட்டுமல்லாமல் பூக்கடைக்கும் ஒரு நடை போகலாம். யான்ட்ஸியும் அதே வேலையில் இருந்தவர்தான்.