800 குதிரைத்திறன் டர்போ காருக்கு எந்த எரிபொருள் பம்ப் அமைப்பு தாங்கும்: ஒற்றைப் பம்பா, இரட்டைப் பம்பா, சர்ஜ் டேங்கா?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்துப் பம்ப் வாங்குவதில்தான் பாதி சிக்கல் தொடங்குகிறது. மணிக்கு 450 லிட்டர் என்று விற்கும் பம்ப், ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்திலும் 13.5 வோல்ட்டிலும்தான் அந்த அளவைத் தரும். எரிபொருள் லைனின் அடிப்படை அழுத்தம் 43.5, அதன்மேல் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட் 25 பிஎஸ்ஐ என்றால், பம்ப் எதிர்த்துத் தள்ள வேண்டியது 68.5 பிஎஸ்ஐ. அங்கே 350 முதல் 380 லிட்டர் வந்தால் பெரிது. வோல்டேஜ் 12க்கு இறங்கினால் அதுவும் வராது.

இன்ஜினின் தேவையைப் பார்ப்போம். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 800க்கு 480 பவுண்டு, அதாவது 295 லிட்டர். 20 சதவீதம் கையிருப்பு சேர்த்தால் 350. இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினால் அதே சக்திக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கும். கையிருப்போடு 475ஐத் தொடும். பெட்ரோலில் ஒற்றை 450 பம்ப் மூச்சுப் பிடித்து ஓடும். இ85இல் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

700 குதிரைத்திறனுக்குள் பெட்ரோலில் மட்டும் ஓடும் காருக்கு ஒற்றைப் பம்ப்தான் சரி. டேங்குக்குள் பம்ப்பைத் தாங்கும் பழைய ஹேங்கரிலேயே பெரும்பாலும் உட்காரும், கசியக்கூடிய இணைப்புகளும் குறைவு. வாங்கும்போது, அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும் என்று பாருங்கள். அது சீக்கிரம் திறக்கும் ரகமாக இருந்தால், பூஸ்ட் உச்சியில் எரிபொருள் டேங்குக்குள்ளேயே திரும்பிக் கொட்டும்.

தெருவில் ஓட்டும் 800 குதிரைத்திறன் காருக்கு டேங்குக்குள் இரட்டைப் பம்ப் என்பதே எங்கள் தேர்வு. ஒவ்வொரு பம்ப்புக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ், வெளிவாயில் ஒரு திசையில் மட்டும் விடும் தனி செக் வால்வு வேண்டும். செக் வால்வு இல்லாவிட்டால் ஓடும் பம்ப் தள்ளுவது, நின்றிருக்கும் பம்ப் வழியாகவே டேங்குக்குத் திரும்பும். இரண்டாவதை 8 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் இயங்கவிடுவது வழக்கம். அதில் ஒரு ஆபத்து உண்டு: அது செத்துப்போனாலும் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் எந்த அறிகுறியும் தெரியாது. முழு பூஸ்ட்டில்தான் தெரியும், அப்போது பிஸ்டன் உருகியிருக்கலாம். அழுத்த சென்சார் இல்லாமல் இந்த அமைப்பைத் தொடவே வேண்டாம்.

சர்ஜ் டேங்க் என்பது பெரிய டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே எப்போதும் நிரம்பியிருக்கும் சிறு டேங்க்; அது பந்தயத் தடத்துக்கானது. நீண்ட வளைவில் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் தொல்லைக்கு இதுதான் மருந்து. 2, 3 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய டேங்கிலிருந்து அதை நிரப்புவது லிஃப்ட் பம்ப், அதிலிருந்து இன்ஜினுக்குத் தள்ளுவது மெயின் பம்ப். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து மிச்ச எரிபொருள் திரும்பும் ரிட்டர்ன் லைன் சர்ஜ் டேங்குக்கே வரவேண்டும். அப்படியிருந்தால் லிஃப்ட் பம்ப் இன்ஜின் எரிப்பதை மட்டும் ஈடுகட்டினால் போதும். ரிட்டர்னைப் பெரிய டேங்குக்கு விட்டால், மெயின் பம்ப் தள்ளும் மொத்தத்தையும் லிஃப்ட் பம்ப் தர வேண்டிவரும். சர்ஜ் டேங்க் காலியாகிவிடும். ஓவர்ஃப்ளோ உச்சியிலிருந்து போகட்டும், காற்றும் அதோடு வெளியேறும். குறைகளும் உண்டு: அதே கொஞ்சம் எரிபொருள் சுற்றிச்சுற்றி வந்து சூடேறும், சத்தம் அதிகம், டிக்கியில் வைத்தால் டிக்கிக்கும் உள்ளறைக்கும் நடுவே உலோகத் தடுப்பு கட்டாயம்.

பிரஷ்லெஸ் பம்ப் (கார்பன் பிரஷ் இல்லாமல், தனி கன்ட்ரோலர் ஓட்டும் மோட்டார் கொண்டது) ஒன்றே இரண்டின் வேலையைச் செய்யும். ஐடிலில் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம் என்பதால் கரண்டும் சூடும் குறையும். விலை தாங்குமென்றால் நல்லதுதான். ஆனால் கன்ட்ரோலர் நின்றால் கார் அங்கேயே நிற்கும்.

எதை எடுத்தாலும் வயரிங்கில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பெரிய பம்ப் ஒன்று அழுத்தத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; டேங்க் மூடியில் கம்பெனி வைத்த கனெக்டர் அதில் உருகும். பேட்டரியிலிருந்து 5 முதல் 6 சதுர மில்லிமீட்டர் வயர், 40 ஆம்பியர் ரிலே, பம்ப்புக்குப் பக்கத்திலேயே நல்ல எர்த். இரட்டைப் பம்ப்புக்கு ஃபீட் லைன் ஏஎன்-8 அளவு (அரை அங்குலக் குழாய்க்கானது), ரிட்டர்ன் குறைந்தது ஏஎன்-6. இ85க்கு பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ். டேங்குக்கு வெளியே உள்ள பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஸ்டீல் வலை, பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர். எத்தனாலில் காகித ஃபில்டர் ஊறிக் கெடும், மைக்ரோகிளாஸ் போடுங்கள்.

எட்டு சிலிண்டரில் 800 குதிரைத்திறனுக்கு, இன்ஜெக்டர் 85 சதவீத டியூட்டியில் (திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) இயங்கினால், ஒவ்வொன்றும் பெட்ரோலுக்கு நிமிடத்துக்கு 740 மில்லி அளவு வேண்டும், இ85க்குச் சுமார் 1000.

ஓட்டிப் பார்க்கும்போது, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயிலின் அழுத்தத்திலிருந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கழித்துப் பதிவு (லாக்) எடுங்கள். எல்லா ஆர்பிஎம்மிலும் 43.5 நிற்க வேண்டும். உச்சியில் மட்டும் சரிந்தால் பம்ப் அல்லது வோல்டேஜ். வளைவில் மட்டும் சரிந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. ஐடிலில் 43.5க்கு மேலேயே நின்றால் ரிட்டர்ன் லைன் சிறிது. 5 பிஎஸ்ஐ இறங்கினாலே இசியூ (இன்ஜின் கணினி) பூஸ்ட்டை வெட்டும்படி செட் செய்யுங்கள்.