ரெடிமேட் 12 அங்குல சப்வூஃபர் பெட்டி: மூன்று ஆண்டு உழைப்பு, ஒரு காயில் பலி

மூன்று ஆண்டாக இந்தப் பெட்டியில் ஓடிய ஊஃபரின் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) காயிலை, அதாவது கோன் எனும் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளை, மாற்றிய கையோடு எழுதுகிறேன். "12 அங்குல ஊஃபருக்கு ரெடிமேட் போர்ட் பெட்டி வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டதும் ஒரு காரணம். (போர்ட் என்பது பெட்டிக்குள்ளிருந்து காற்று போய்வரும் குழாய். அது இல்லாதது மூடிய பெட்டி.)

பெட்டியின் தச்சு வேலையில் குறை சொல்ல முடியாது. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, உள்ளே குறுக்குக் கட்டைகள், எங்கே தட்டினாலும் 'தட்' என்று அடங்கிவிடும். வயர் மாட்டும் டெர்மினல் கப் வழியாகக்கூடக் காற்று கசியவில்லை. என் எரிச்சல் முழுக்க முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் மேல். '12 அங்குலம்' என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. உள்ளே எத்தனை லிட்டர், போர்ட் எத்தனை ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகியிருக்கிறது (எந்த அதிர்வெண்ணில் அதன் காற்று ஒத்ததிரும்) என்று ஒரு வரி இல்லை. செருப்பு அளவைச் சொல்லிச் சட்டை வாங்குகிற கதை இது.

ஊஃபருக்குப் பெட்டியைத் தீர்மானிப்பவை அதன் குணத்தைச் சொல்லும் தீல்-ஸ்மால் எண்கள். எஃப்.எஸ். என்பது ஊஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண். க்யூ.இ.எஸ்., க்யூ.டி.எஸ். இரண்டும் அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு, முன்னது மின்வழியில், பின்னது மொத்தமாக. வி.ஏ.எஸ். என்பது கோனின் தொங்கலுக்குச் சமமான இறுக்கம் கொண்ட காற்றின் அளவு. இங்கே இருக்கும் ஊஃபருக்கு எஃப்.எஸ். 28 ஹெர்ட்ஸ், க்யூ.இ.எஸ். 0.5, க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர். எஃப்.எஸ்.ஸை க்யூ.இ.எஸ்.ஸால் வகுத்தால் 56. இந்த எண் 50-க்குக் கீழே என்றால் மூடிய பெட்டி, 100-ஐத் தாண்டினால் போர்ட் பெட்டி என்பது கைக்கணக்கு. 56 என்றால் இரண்டிலும் ஓடும், ஆனால் மனசு மூடிய பெட்டியின் பக்கம். போர்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சமமான பேஸுக்கு ஏறத்தாழ 90 லிட்டரும் 24 ஹெர்ட்ஸ் ட்யூனிங்கும் கேட்கும்.

கிடைத்தது என்ன? வெளியே 40 செ.மீ. கனசதுரம். 64 லிட்டர் என்று தோன்றும். பலகைத் தடிமன் இரண்டு பக்கமும் போக உள்ளே 36.4 செ.மீ.தான், அதாவது 48 லிட்டர். ஊஃபரின் காந்தமும் கூடையும் 3 லிட்டர், கட்டைகள் ஒன்றரை, போர்ட் குழாய் ஒன்று. மிஞ்சுவது 43-க்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு கணக்கிலேயே போய்விட்டது. புதிதாகப் பெட்டி செய்பவர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். (நீள அகல உயரத்துக்குத் 'தங்க விகிதம்' பார்ப்பது வீண்வேலை. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஏறக்குறைய 7 மீட்டர், இந்தப் பெட்டிக்குள் அது எங்கே எதிரொலிக்கப் போகிறது?)

போர்ட்டின் உள்விட்டம் 7.5 செ.மீ., நீளம் 18 செ.மீ. கணக்குப் போட்டால் ட்யூனிங் 36 ஹெர்ட்ஸ். சோதிக்க விரும்பினால், குறைந்த சத்தத்தில் சைன் டோன் போட்டு 60-இலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறங்குங்கள். கோன் எங்கே மிகக் குறைவாக அசைந்து, போர்ட்டில் காற்று அதிகமாக வீசுகிறதோ அதுதான் ட்யூனிங்.

சின்னப் பெட்டியில் உயர்ந்த ட்யூனிங் வைத்ததால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழுகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே 'தொம்', பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒரே ஸ்வரத்தில் சிக்கிக்கொண்டது போல. 7.5 செ.மீ. குழாய் இந்த ஊஃபருக்குச் சன்னம் என்பதால் சத்தம் ஏற்றினால் 'புஸ் புஸ்' வேறு. ஆனால் காயிலைக் கொன்றது இவை இல்லை. 36-க்குக் கீழே போர்ட் வெறும் ஓட்டைதான். கோனைப் பிடித்து நிறுத்தப் பின்னால் காற்று இல்லை. 25 ஹெர்ட்ஸ் வெடிச்சத்தம் வந்தால் கோன் கட்டறுந்து ஓடும். காயில் பின்தட்டில் மோதி, அது சுற்றப்பட்ட குழாயான ஃபார்மர் நசுங்கி, உரச ஆரம்பிக்கும். ஆம்ப்ளிஃபயரில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் சப்சானிக் ஃபில்டரைப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். இது பயன்படுத்துபவர் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்யூனிங் எண்ணையே சொல்லாவிட்டால் ஃபில்டரை எங்கே வைப்பது?

போர்ட்டை நீட்டினால் சரியாகாதா என்றால், 30 ஹெர்ட்ஸுக்கு இறக்க அதே குழாய் 29 செ.மீ. வேண்டும். பின்சுவருக்கு 7 செ.மீ. இடைவெளி மிஞ்சும், மட்டுமட்டாக நுழையும், 'புஸ்' மட்டும் போகாது. குழாயை 10 செ.மீ. ஆக்கினால் நீளம் 54 செ.மீ. ஆகிவிடும், முழங்கை போட்டு மடக்க வேண்டும்.

இனி எதிர்பாராத சந்தோஷம். போர்ட் வாயை வெளிப்பக்கமிருந்து 18 மி.மீ. வட்டப் பலகை, ரப்பர் கேஸ்கெட், நான்கு திருகுகள் கொண்டு அடைத்தாயிற்று. குழாயின் உட்புறமும் சேர்ந்து 43.5 லிட்டர். மூடிய பெட்டிக்குள் ஊஃபரின் க்யூ எவ்வளவு ஆகும் என்பதற்கான கணக்கு: வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டி லிட்டரால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்.ஸால் பெருக்க வேண்டும். விடை 0.7. மேடும் பள்ளமும் இல்லாத பேஸுக்குப் புத்தகம் சொல்லும் எண் 0.707! தெரியாத்தனமாக, இந்த ஊஃபருக்கு அருமையான மூடிய பெட்டியைச் செய்து, அதில் ஓட்டை போட்டு விற்றிருக்கிறார்கள்.

உள்ளே 400 கிராம் பாலியஸ்டர் பஞ்சை உதறித் தளர்வாக நிரப்பினால் உள்ளே அடைபட்ட காற்றின் இறுக்கம் இன்னும் கொஞ்சம் தளரும். மூடிய பிறகு கோனை இரு கையாலும் மெல்ல அமுக்கி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் கசிவில்லை. சட்டென்று குதித்தால் ஊஃபர் விளிம்பில் ஃபோம் டேப் சரியாக உட்காரவில்லை.

இழப்பும் உண்டு. மூடிய பெட்டியில் 43 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். படம் பார்க்கையில் சோஃபா அதிர்வது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

ஆக, பலகை நல்லது, தச்சு வேலை நல்லது, அடைத்த பிறகு ஒலி பிரமாதம். வாங்கலாமா என்றால், வாங்காதீர்கள். லிட்டரையும் ஹெர்ட்ஸையும் எழுதாத பெட்டிக்கு என் கையால் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் போடமாட்டேன். அது இப்போதும் ஹாலில்தான் பாடிக்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம்.