ஃபிளாஷ் போடாமல் இரவில் எடுக்க: கேனோனெட், எக்ஸ்ஏ, மியூ-2

ஒரே ஒரு ட்யூப்லைட் எரியும் அறை. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் (எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்), எஃப் 2.8 லென்ஸ் (எண் குறைந்தால் அதிக ஒளி நுழையும்) என்றால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய 1/15 நொடிதான் வரும். பேசிக்கொண்டிருப்பவரின் கையும் உதடும் கலங்கிப்போகும். அதே வெளிச்சத்தில் எஃப் 1.7 லென்ஸ் 1/45 தரும். ஃபிளாஷ் வேண்டாம் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

அதனால் வீட்டுக்குள் மனிதர்களை எடுக்க, கேனன் 1972-இல் கொண்டுவந்த கேனோனெட் க்யூஎல்17 ஜி3 (40 மி.மீ., எஃப் 1.7) ஃபிலிம் கேமரா உதவுவது போல ஒலிம்பஸின் எக்ஸ்ஏ, மியூ-2 இரண்டும் உதவாது. ஆனால் ஃபோகஸில் கவனம் வேண்டும். ஒன்றரை மீட்டரில் முழுக்கத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 14 செ.மீ. மட்டுமே, ரேஞ்ச்ஃபைண்டரில் (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்யும் கண்ணாடி) தெரியும் இரண்டு பிம்பமும் கண்ணில் சரியாகச் சேர்ந்த பிறகே அழுத்துங்கள்.

பழைய கேனோனெட்டில் தொல்லை பேட்டரிதான். அதற்கென இருந்த 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் ஒளி அளக்கும் மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், ஃபிலிமில் ஒளி போதாமல் நெகட்டிவ் மெலிந்து வரும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்தால் அசையாமல் உட்காரும். ஸ்டிக்கரை உரித்த சில வாரங்களில் தீர்ந்துவிடும், உபரி வைத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறப்பு) ஷட்டரையும் நீங்களே வைக்கும் மேனுவலில் மீட்டர் வேலை செய்யாது. வாங்கும்போது பின்கதவைத் திறந்து 1/4 நொடியில் நாலைந்து முறை அடித்துப் பாருங்கள். ஷட்டர் இதழ்கள் திறக்காமலோ மெதுவாகவோ நகர்ந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது, சர்வீஸ் செய்தே ஆகவேண்டும். வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கும் கதவோரப் பஞ்சு பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

1979-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ சட்டைப் பையில் அடங்கும். 35 மி.மீ., எஃப் 2.8. அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டரை அது 10 நொடி வரை தானே பார்த்துக்கொள்ளும். தெருவிளக்கு, ஆளற்ற சந்து போன்றவற்றைச் சுவரில் வைத்து செல்ஃப் டைமரில் எடுக்க அருமையான கேமரா. ஷட்டர் பொத்தான் லேசாகத் தொட்டாலே அடித்துவிடும் என்பதால் அதிர்வு குறைவு; தெரியாமல் பட்டு ஃபிலிம் வீணாவதும் அதனால்தான். ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பமும் தெரியும் திட்டு சின்னது, இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

ஒலிம்பஸ் மியூ-2-வும் எஃப் 2.8 தான். அகச்சிவப்பு ஆட்டோஃபோகஸ் இருட்டிலும் பிடிக்கும், ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் ஏமாறும். மூடித் திறந்தாலே ஃபிளாஷ் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும், ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும். ஐஎஸ்ஓ-வை மாற்ற டயல் கிடையாது. 400 ஃபிலிமை 1600-ஆகத் தள்ள, ஐஎஸ்ஓ-வை கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் ஸ்டிக்கரை ஃபிலிம் டப்பாவில் ஒட்டி, லேபில் இரண்டு ஸ்டாப் புஷ் (கூடுதல் நேரம் கழுவுவது) கேட்கவேண்டும். அப்படியும் அந்த அறையில் கிடைப்பது 1/60; கேனோனெட்டில் 800 ஃபிலிம் போட்டாலே 1/90 வந்துவிடும்.