டூரிங் சைக்கிளும் ஊசி வால்வும்: வைகைக் கரையிலிருந்து ஒரு புலம்பல்

நான் வைத்திருக்கும் டூரிங் சைக்கிளின், அதாவது சுமை ஏற்றி நெடுந்தூரம் போவதற்கான சைக்கிளின், விலையைக் குறைத்துவிட்டார்கள். தேனியில் இருக்கும் நண்பன் உடனே கேட்டுவிட்டான்: "வாங்கலாமாடா?" நான் கொடுத்த விலையை நினைத்தால் வயிறு எரிகிறது, அது தனிக்கதை. கியர் எத்தனை, பிரேம் எந்த உலோகம், பிரேக் டிஸ்க்கா இல்லையா என்பதெல்லாம் அவனுக்கே அத்துப்படி. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு சாமானைப் பற்றி எழுதுகிறேன். ட்யூப் வால்வு, காற்று அடிக்கிற வாய். சிரிக்க வேண்டாம்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறிவிட்டால் மறந்துபோகும். சுமை ஏற்றிய பிறகு இந்தச் சைக்கிள் காட்டுகிற நிதானம் அபாரம். பின் கேரியரில் இரண்டு பக்கமும் பை, தண்ணீர், மாற்றுத் துணி, டூல்ஸ் எல்லாம் தொங்கினாலும் ஹேண்டில்பார் ஆடாது. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு பிடிக்காது. மதுரையில் ஆற்றோரமாக இரண்டு கரையிலும் சாலை இருக்கிறது. அங்கே ஓட்ட எனக்கு இஷ்டமில்லை, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஹாரன். கோச்சடையைக் கடந்து துவரிமான் வந்தபிறகுதான் சைக்கிளுக்கே உயிர் வரும்.

அப்புறம் மேலக்கால், தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறை என்று ஊர்கள் வரிசையாக வரும். திருவேடகத்தில் சம்பந்தர் ஆற்றில் விட்ட ஏடு வைகை வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்ததாகச் சொல்வார்கள். நாமும் ஆற்றை எதிர்த்துத்தான் மிதிக்கிறோம். ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, முழங்காலுக்குத் தெரியும். ஆடி மாதம் போனால் மேல்காற்று வேறு நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அப்போது இந்தச் சைக்கிளின் சின்ன கியர்கள் எவ்வளவு பெரிய உபகாரம் என்று புரியும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருக்கும், மிதிக்கவே வேண்டாம்.

பாதை என்று யாரும் போட்டுக் கொடுத்தது எதுவும் இல்லை. கொஞ்ச தூரம் தார் ரோடு, கொஞ்ச தூரம் ஆற்றங்கரை மண், கொஞ்ச தூரம் கால்வாய்க் கரை. எனக்குப் பிடித்தது கால்வாய்க் கரைதான். வைகையின் குறுக்கே இருக்கும் பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் வைகையில் இறங்கி, பேரணையில் கால்வாய்க்குள் போகிறது. அதனால் கீழே ஆறு வெறும் மணலாகக் கிடக்கிற நாளிலும் கால்வாய் கரை தொட்டு ஓடுவதைப் பார்க்கலாம். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்தியை நட்டு அதில் கொடியை ஏற்றியிருப்பார்கள். உச்சி வெயிலில்கூட அதன் ஓரத்தில் நின்றால் குளிர்ச்சி. 2023-ல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மணலில் மட்டும் 38 எம்எம் டயர் புதையும், இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

குறை முள்ளில் ஆரம்பிக்கிறது. வைகை நெடுக சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு ஊர் ஊராக வெட்டினார்கள். வேரோடு பிடுங்காத இடமெல்லாம் அடிக்கட்டை மறுபடி தழைத்துவிட்டது. வெட்டிய கிளையை விறகுக்குக் கொண்டுபோனாலும் முள் பாதையிலேயே தங்கிவிடும், காய்ந்த முள் பச்சை முள்ளைவிடப் பொல்லாதது. சரி, முள்ளுக்குக் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? ஒன்றும் செய்ய முடியாது. பஞ்சர் ஆகும், ஒட்டலாம், போகலாம்.

ஆனால் ஒட்டிய ட்யூபில் காற்றை எப்படி அடிப்பது? இந்தச் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா வால்வு. ஊசி மாதிரி ஒல்லி. தலையில் ஒரு குட்டித் திருகு. அதைத் தளர்த்தி, ஒரு தடவை அமுக்கிவிட்டு, அதன் பிறகுதான் பம்ப்பை மாட்ட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் கம்பி வளையும். பைக் பஞ்சர் கடை கம்ப்ரசர் இதன் வாயைப் பிடிக்காது. ஊர்ச் சைக்கிள் கடை பம்ப்பை வைத்து அழுத்தினால் பாதிக் காற்று வெளியேதான் போகிறது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கிறது, அதைத் திருகினால் கம்ப்ரசரில் பிடிக்கலாம். தொலைவதற்கென்றே செய்த சாமான் அது.

சமீபத்தில் முள்ளிப்பள்ளம் தாண்டிப் பின் ட்யூப் வால்வின் அடியிலேயே கிழிந்தது. அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. மாற்று ட்யூபை அதற்கு முன்பே முள் தின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே ஒரு சைக்கிள் கடையைக் கண்டுபிடித்தேன். பெரியவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஊசி மாதிரி இருக்கு? இதுக்கு வால்டியூப் எங்கே?"

"இதுல வால்டியூப் கிடையாதுங்கய்யா."

"அப்ப காத்து எப்படி நிக்கும்?"

சாதா சைக்கிள் வால்வுக்குள் காற்றைப் பிடித்து நிறுத்துகிற சின்ன ரப்பர் குழாய்தான் வால்டியூப். அது இல்லாமல் இது எப்படி நிற்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 28 இஞ்ச் சாதா சைக்கிள் ட்யூப் ஒன்றை எடுத்தார். அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், டயருக்குள் அடங்கிவிடும். வால்வு மட்டும் ரிம் துளையில் நுழையாது. பிரெஸ்டாவுக்கு ஆறரை எம்எம் துளை, சாதா வால்வுக்கு அதைவிடப் பெரிது. "ஓட்டைய பெருசாக்கிருவோமா?" என்றார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிம்மில் டிரில் இறங்கும்போது மனசு பதறத்தான் செய்தது. அவர் பதறவில்லை. துளையின் விளிம்பை வட்ட அரத்தால் வழித்து, உப்புத்தாள் போட்டு, விரலால் தடவிப் பார்த்தார். பிசிறு இருந்தால் ட்யூபை அறுக்குமாம். டயருக்குள் பழைய துணியை விட்டுச் சுற்றி, உடைந்து நின்ற முள் நுனியையும் எடுத்துப் போட்டார். கையோடு சக்கரத்தின் கோட்டமும் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அணைப்பட்டி வரை போய்விட்டுத்தான் வீடு திரும்பினேன்.

இப்போது என் டூரிங் சைக்கிளின் பின் சக்கரத்தில் பால்காரர் சைக்கிள் ட்யூப் ஓடுகிறது. வாங்கிய கடையில் சொன்னேன். ரிம்மில் துளை போட்டால் வாரண்டி கிடையாது என்றார்கள். ஊசி வால்வு ட்யூப் இருக்கிறதா என்று கேட்டேன். ஆர்டர் போட வேண்டுமாம்.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பிரெஸ்டா காற்றை நன்றாகவே பிடித்து நிற்கும். வால்டியூப் வாராவாரம் பம்ப் கேட்கிறது. ஒடுக்கமான ரேஸ் ரிம்முக்குச் சின்னத் துளை போதும், ரிம் பலம் குறையாது, அதற்கு அந்த வால்வு பொருத்தம்தான். ஆனால் 38 எம்எம் டயர் போட்டு, கேரியர் வைத்து, ஊர் ஊராகப் போ என்று விற்கிற வண்டிக்கு அது எதற்கு? பைக் வால்வு வைத்திருந்தால் நாட்டில் எந்தப் பஞ்சர் கடையிலும் வேலை முடிந்திருக்கும். அகலமான ரிம், பெரிய துளையைத் தாங்காதா என்ன? தாங்குகிறது. பெரியவர் போட்டே காட்டிவிட்டார்.

ஆக, நண்பா, வாங்காதே. மேலே பாராட்டியதெல்லாம் உண்மை, ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கமாட்டேன். போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். இன்றைக்குச் சொல்லமாட்டேன். விலை குறைந்ததைப் பார்த்து மனசு கேட்கவில்லை என்றால், பணம் கட்டும் முன்பே இரண்டு ரிம்மிலும் துளையைப் பெரிதாக்கித் தரச் சொல். பில் போட்ட பிறகு எவனும் செய்யமாட்டான்.

சீட் வலிக்குமா என்றும் கேட்டிருந்தாய். வலிக்கும்.